அப்பச்சிக்குக் குரல் கொடுத்த நாள்

எனக்குப் பேய் என்றால் பயம் கிடையாது. எங்கள் ஊருணிக்கரைப் புளியமரத்துப் பேய்கள் பெரியவர்களை மட்டுமே பிடிக்கும், சின்னப் பிள்ளைகளை ஏறெடுத்தும் பார்க்காது என்று யாரோ சொன்னதை நம்பித் தைரியமாகத் திரிந்தேன். பாம்பையும் தேளையும்கூடப் பெரிதாகச் சட்டை செய்ததில்லை. என்னை நடுங்க வைத்ததெல்லாம் வைகாசி மாதம் எங்கள் பெரிய வீட்டில் நடக்கும் ஏடு வாசிப்புதான்.

எங்கள் ஊர் திருமயத்துக்குப் பக்கம். பெரிய வீடு என்பது பங்காளிகள் எல்லாருக்கும் பொதுவான பழைய வீடு. யாரும் அதில் குடியிருக்கவில்லை. அதன் உள்ளறையில் எங்கள் வம்சத்து ஏடுகள் இருந்தன. யாருக்கு யார் பிள்ளை, எந்த ஊரில் பெண் எடுத்தார்கள், யார் கடல் தாண்டிப் போனார்கள், யார் திரும்பி வரவில்லை என்பதெல்லாம் அவற்றில் எழுதியிருக்கும். பழையவை ஓலை, பிந்தியவை நீள நோட்டுகள். கல்யாணம் பேசுகிறவர்கள் வெளியூரிலிருந்து வந்து, பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரே பங்காளி வகையாகிவிடக் கூடாதே என்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

இதற்கெல்லாம் பொறுப்பு பெரியப்பா, என் அப்பச்சிக்கு மூத்தவர். அப்பாவை நாங்கள் அப்பச்சி என்றுதான் கூப்பிடுவோம், அம்மாவை ஆத்தா என்று. பெரியப்பாவுக்கு வருஷம் முழுக்க இதே வேலை. யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் இலையில் உட்காரும் முன்பே, "ஒங்க தம்பி மகனுக்கு என்ன பேரு வச்சீக?" என்று ஆரம்பித்துவிடுவார். நோயில் கிடப்பவர்களை அவர் பார்க்கப் போனால் மட்டும் வீட்டார் அவ்வளவு பிரியமாக வரவேற்பதில்லை. சில கிழவர்கள் அவர் தலையைக் கண்டதும் இருமலை அடக்கிக்கொண்டு நிமிர்ந்து உட்காருவார்கள்.

வைகாசி வெயில் ஏறியதும் உள்ளறையைத் திறப்பார்கள். சிவப்புத் துணியில் கட்டிய கட்டுகளைப் பிரித்து முற்றத்தில் பாய் விரித்து உலர்த்துவார்கள். ஓலைக்கு எண்ணெய் பூசித் துடைப்பதும், பூச்சி அரித்த பக்கங்களைப் பார்த்துப் புது நோட்டில் எழுதுவதும் ஆண்கள் வேலை. பெண்கள் வசம்பு இடித்து வேப்பிலையோடு சேர்த்துச் சின்னச் சின்னத் துணி முடிச்சாகக் கட்டித் தருவார்கள். காக்காய் விரட்டுவது பிள்ளைகள் பாடு. எந்த முன்னோர் தலையில் எச்சம் விழுந்துவிடுமோ என்று பெரியப்பா அடிக்கடி அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருப்பார்.

எல்லாவற்றையும் திரும்பக் கட்டி வைக்கும் கடைசி நாளில்தான் வாசிப்பு. ஆண்கள் கூடத்தில் உட்காருவார்கள், பெண்கள் இரண்டாம் கட்டுக் கதவுக்குப் பின்னால் நிற்பார்கள். பெரியப்பா பெயர்களைப் படிப்பார். இறந்தவர் பெயர் வந்தால் யாரும் வாய் திறக்கக் கூடாது. கொஞ்ச நேரம் கூடமே மூச்சுவிடாமல் இருக்கும், பிறகு அடுத்த பெயருக்குப் போவார். உயிரோடு இருப்பவர் பெயர் வந்தால் அவர் வீட்டு ஆள் ஒருவர் "இருக்காக" என்று உரக்கச் சொல்ல வேண்டும். குரல் வராவிட்டால் மூன்று முறை கூப்பிடுவார். மூன்றாவதற்கும் யாரும் பேசவில்லையென்றால் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சுழி போட்டுவிடுவார். அதற்கப்புறம் வருஷா வருஷம் அந்தப் பெயருக்கு மௌனம்தான்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு கதை சொல்வார்கள். முன்னொரு காலத்தில் ரங்கூனுக்குப் போன ஒருவரை, யாரோ சொன்ன பேச்சைக் கேட்டு, இறந்தவர் கணக்கில் எழுதிவிட்டார்களாம். அவர் பெட்டியும் கையுமாக ஊரில் வந்து இறங்கிய அன்று வீட்டில் அவருக்கே திவசம் நடந்துகொண்டிருந்ததாம். பசியோடு வந்த மனிதர், முதலில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு அப்புறம்தான் சண்டை பிடித்தாராம். அதிலிருந்துதான் இந்தக் கட்டுப்பாடு. குரல் கொடுப்பவர் அந்த வீட்டு ரத்தமாக இருக்க வேண்டும், கட்டிக்கொண்டு வந்த பெண்கள் சொன்னால் செல்லாது. இல்லாதவரை இருக்கிறார் என்று தெரிந்தே சொன்னால் வம்சம் விளங்காது.

இதையெல்லாம் நான் என் அறிவுக்கு எட்டியபடி புரிந்து வைத்திருந்தேன். எதிர்வீட்டு ஐயாவை மதுரை ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டிக் கொண்டுபோனார்கள். சீக்கிரம் வந்துவிடுவார் என்றுதான் என்னிடம் சொன்னார்கள். வாசிப்பு அன்று அவர் பெயரை மூன்று முறை கூப்பிட, அவர் மகன் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தான். பெரியப்பா சுழி போட்டார். ஐயா வரவே இல்லை. ஆக, சுழி போட்டதால்தான் அவர் செத்துப்போனார் என்று தீர்மானித்துவிட்டேன். கேட்பதற்கும் பயம், கேட்டால் பெரியப்பா என் பெயரையும் எழுதிவிட்டால் என்ன செய்வது? அதன்பின் அவர் ஆசையாகக் கூப்பிட்டுப் பொரிகடலை கொடுத்தால்கூட அவர் விரல் என்மேல் படாமல் வாங்கிக்கொண்டு ஓடிவிடுவேன்.

நான் சொல்ல வந்த வருஷம், புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. எனக்கு எட்டு வயது இருக்கும். அப்பச்சி மலேயாவில் கடை வைத்திருந்தார். ஊருக்கு வந்திருந்துவிட்டு ஐப்பசியில் கப்பலேறியவரிடமிருந்து மாசிக்குப் பிறகு ஒரு சேதியும் இல்லை. அங்கே ரப்பர் தோட்டங்களில் துப்பாக்கிச் சண்டை என்று பெரியவர்கள் பேசிக்கொள்வார்கள், ஆத்தா அந்தப் பக்கம் வந்தால் மழையைப் பற்றிப் பேசுவார்கள். ஆத்தா அப்போது எட்டு மாசம்.

வழக்கமாக அப்பச்சிக்குக் குரல் கொடுப்பவர் சித்தப்பா. அறந்தாங்கியில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். அவர் "இருக்காக!" என்று போடுகிற சத்தத்தில் உத்தரத்துப் புறாக்கள் எழுந்து பறக்கும். என்னைக் கலெக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார். வாசிப்புக்கு முந்தின நாள் முழுவதும் நான் ஆத்தாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டே அலைந்தேன்.

"சித்தப்பா வந்திருவாகளா ஆத்தா?"

"வருவாக. வராம எங்க போகப்போறாக?"

"பஸ்ஸு நின்னு போச்சுன்னா?"

"நடந்து வருவாக. நீ போயி காக்காயை வெரட்டு."

மறுநாள் காலை பஸ்ஸில் அவர் வரவில்லை. வாசிப்பு ஆரம்பமாகிவிட்டது. பழைய பெயர்களும் அவற்றுக்கான மௌனங்களும் முடிந்து, இருப்பவர்கள் பக்கம் வந்துவிட்டார்கள். நான் பக்கத்துச் சந்து வழியாகத் தெருவாசலுக்கும் இரண்டாம் கட்டுக்குமாக ஓடிக்கொண்டிருந்தேன். உள்ளங்கை வேர்த்துப் பாவாடையில் துடைத்துத் துடைத்துப் பாவாடையே நனைந்துவிட்டது. எங்கள் வீட்டுக்கு இன்னும் எத்தனை வீடு இருக்கிறது என்று ஆத்தாவைக் கேட்டேன். பேசாமல் நில்லு என்று அதட்டினாள். அவள் குரலும் சரியாக இல்லை.

மத்தியானம் தாண்டிச் சித்தப்பா வந்தே விட்டார். கதவிடுக்கு வழியாக அவரைத் தெருவாசலில் பார்த்ததும் எனக்கு வயிற்றில் பாலை வார்த்தது போலிருந்தது. ஆனால் அவர் உள்ளே வரவில்லை. நிலைப்படிக்கு வெளியே, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார். கால் முழங்கால்வரை செம்மண் புழுதி. நெற்றியில் திருநீறு இல்லை. "வாங்க, உள்ள வாங்க" என்று யாரோ கூப்பிட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினார். புழுதிக் காலோடு வரக் கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன். எங்கே நின்றால் என்ன, அங்கிருந்து ஒரு சத்தம் போட்டால் போதுமே.

பெரியப்பா அப்பச்சியின் பெயரைப் படித்தார்.

சித்தப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியப்பா தலையைத் தூக்கி வாசல் பக்கம் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு இரண்டாம் முறை படித்தார். சித்தப்பா அசையவில்லை. உதடு மட்டும் ஒருமுறை பிரிந்து மூடிக்கொண்டது. என் பக்கத்தில் நின்ற ஆத்தா ஒரு கையால் கதவைப் பிடித்திருந்தாள், மறு கை வயிற்றின் மேல் இருந்தது.

அந்த நிமிஷம் எனக்கு வந்த பயம் போல் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. காது அடைத்துவிட்டது. சித்தப்பா எங்கள் சொத்துக்கு ஆசைப்பட்டுத்தான் வாயை மூடிக்கொண்டு நிற்கிறார் என்று தோன்றியது. கேட்ட கதைகளில் எல்லாம் சித்தப்பாக்கள் அதைத்தானே செய்தார்கள். இந்த மனிதர் கொண்டுவந்த மிட்டாயை எல்லாம் தின்றோமே என்று ஆத்திரமாக வந்தது. பெரியப்பா மூன்றாவது தடவைக்கு வாயைத் திறந்தார். பெண்கள் தாண்டக் கூடாத கதவைத் தாண்டி நான் கூடத்துக்குள் ஓடினேன்.

"இருக்காக! எங்க அப்பச்சி இருக்காக!"

கத்தல் பாதியில் உடைந்து அழுகையாகிவிட்டது. கூடத்தில் இருந்தவர்கள் எல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பல் போன பங்காளிக் கிழவர் ஒருவர், "பொம்பளப் புள்ள சொன்னாச் செல்லுமாப்பா?" என்று கேட்டார்.

பெரியப்பா வாசலில் நின்றவரைப் பார்த்தார். சித்தப்பாவும் அப்போதுதான் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினார். அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏன் செல்லாது? கட்டிக் குடுக்கிற வரைக்கும் நம்ம ரத்தந்தானே" என்றார் பெரியப்பா. பிறகு என்னைக் கூப்பிட்டார். "இங்கிட்டு வா தாயி. ஒனக்குத் தெரிஞ்சதைத்தானே சொல்றே? பொய் இல்லையே?"

"சாமி சத்தியமா இருக்காக" என்றேன்.

"அப்பச் சரி."

அவர் அப்பச்சி பெயருக்குச் சுழி போடாமல், 'இருக்காக' என்று எழுதினார். நான் வாசலைப் பார்த்து முறைத்தேன். சித்தப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் தெருவில் இறங்கிப் போய்விட்டார். குட்டு உடைந்துவிட்ட வெட்கம் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

விஷயம் எனக்கு விளங்க வெகுகாலம் ஆயிற்று. மலேயாவிலிருந்து நாகப்பட்டினத்தில் வந்து இறங்கிய ஒருவர் அதற்கு முந்தின நாள்தான் அறந்தாங்கிக் கடைக்குப் போய்ச் சொல்லியிருக்கிறார். சாவுச் சேதி காதில் விழுந்ததிலிருந்து தீட்டு. தீட்டோடு ஏடு இருக்கும் கூடத்துக்குள் கால் வைக்கக் கூடாது. சித்தப்பா படியைத் தாண்டாமல் நின்றதைப் பார்த்தே பெரியப்பாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. ஏட்டின் முன்னால் பொய் சொல்லவும் சித்தப்பாவுக்கு நா எழவில்லை, எட்டு மாசக்காரி கதவுக்குப் பின்னால் நிற்கும்போது உண்மையைச் சொல்லவும் முடியவில்லை. எங்கள் வீட்டு ரத்தத்தில், அப்பச்சி இருக்கிறார் என்று பொய்யில்லாமல் சொல்லக்கூடியவள் அன்று நான் ஒருத்திதான். என் தம்பி பிறந்து, ஆத்தா எழுந்து நடமாடிய பிறகே வீட்டில் அந்தச் சேதியைச் சொன்னார்கள். அதுவரை அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று அண்ணனும் தம்பியும் நம்பிக்கொண்டிருந்தார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொல்ல மாட்டேன். அவர்கள் வேறு என்னதான் செய்திருக்க முடியும் என்றும் எனக்குத் தெரியவில்லை.

அன்று பெரியப்பா எழுதி முடித்த பக்கத்தை நான் ஒரு பார்வை பார்த்துவிட்டு, பாராட்டு வாங்குவதற்காகக் கதவுக்குப் பின்னால் ஓடினேன். பெண்கள் விலகி நின்றிருந்தார்கள். ஆத்தா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். கதவிடுக்கில் எனக்குத் தெரிந்த தெருவாசல், என்னைவிட உயரமான அவளுக்கு இன்னும் நன்றாகவே தெரிந்திருக்கும். அதை நான் அப்போது யோசிக்கவில்லை. என் இரண்டு கையையும் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். அவள் கை சில்லிட்டிருந்தது.

"என்ன சொன்னே?" என்றாள்.

"இருக்காகன்னு சொன்னேன்."

"இன்னொரு தடவை சொல்லு."

சொன்னேன்.

"இன்னொரு தடவை."

நான் அவ்வளவு சத்தம் போட்டும் கதவோரத்தில் நின்றவளுக்கு எப்படிக் கேட்காமல் போனது என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அவள் காதோடு வாயை வைத்து, இந்தத் தடவையாவது கேட்கட்டும் என்று, முழுச் சத்தத்தோடு கத்தினேன்.