ஏத்துறதுக்கு முன்னாடி எறக்கி வை

வளர்மதி போய்விட்டாள். காலை ஏழு மணிக்கு அவள் வீட்டுக்காரர் போன் செய்து சொன்னார்.

காய்ச்சல் என்று வெள்ளிக்கிழமை லீவு போட்டவள். “திங்கக்கெழம வந்துருவேன். அதுக்குள்ள எதையாவது ஏத்தித் தொலைக்காதடி” என்றாள். இன்றுதான் திங்கள்...

எனக்கு முதலில் அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

காரைக்கால் பக்கம் கீழவாஞ்சூரில் ஒரு லாரி ஆபீசுக்கு நாங்கள் இருவரும்தான் வண்டிகளுக்கு கேட் பாஸ் அடிக்கும் சாப்ட்வேரைப் பார்க்கிறோம். ஊர்ப் பெயர், வண்டி வகை, சரக்கு வகை எல்லாம் முதலில் ஒரு பைலாக எழுதி உள்ளே ஏற்ற வேண்டும். அந்த பைல் அவள் பொறுப்பு.

புதுச் சரக்கு யார்டுக்கான பைலை இன்று பன்னிரண்டு மணிக்கு ஏற்றியே ஆக வேண்டும். “ஒத்திப்போட முடியாதுங்க, வண்டியெல்லாம் வரிசையில நிக்குது” என்றார் மேனேஜர்.

நான் ஏன் இவ்வளவு பயந்தேன் என்றால்...

போன வருஷம் அவசரத்தில் இன்டர்நெட்டில் கிடைத்த ஓர் ஊர்ப் பட்டியலை ஏற்றிவிட்டேன். ஏற்கெனவே இருந்ததன் மேலேயே, ஒரு வார்த்தை கேட்காமல், சாப்ட்வேர் பழையதை அழித்து எழுதிக்கொண்டு போய்விட்டது. அந்தப் பட்டியலில் காரைக்கால் தமிழ்நாட்டில் இருந்தது. அடித்த பாஸ் அத்தனையும் தப்பு.

வளர்மதி முந்தின நாளே எல்லாவற்றையும் எக்ஸ்போர்ட் செய்து, ஒரு காப்பியாக இறக்கி வைத்திருந்தாள். பத்து நிமிஷத்தில் திரும்ப ஏற்றிவிட்டாள். மேனேஜர் எதிரில் ஒன்றும் சொல்லவில்லை. வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

“நம்ம ஊரு எந்த ஸ்டேட்டுன்னே தெரியாத பைலு... அத நம்பி ஏத்திருக்கியே! பூவத்துல எங்க வீட்டத் தாண்டி நாலு எட்டு வச்சா தமிழ்நாடு. என்கிட்ட ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?”

அன்றிலிருந்து ஒரே பாட்டு. “ஏத்துறதுக்கு முன்னாடி எறக்கி வைடி.”

ஒருநாள் பஸ்ஸில் இதையே என்னிடம் போனில் கத்தியிருக்கிறாள். பக்கத்து சீட்டுப் பெரியவர், லாரி லோடு என்று நினைத்து, “எறக்கிட்டுதாம்மா ஏத்துவாங்க. எந்த யார்டு, கரியா?” என்று கேட்டாராம். ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

இன்று பைலைத் திறந்தேன். முதல் வரி அவள்தான். வளர்மதி, அட்மின், பூவம், அவள் போன் நம்பர்.

“அவங்க பேர எடுத்துட்டு ஒங்க பேரப் போட்ருங்களேன்” என்றார் மேனேஜர். எனக்குக் கை வரவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

இருந்ததை எல்லாம் எக்ஸ்போர்ட் செய்தேன். நம்பிக்கை இல்லாமல் இன்னொரு தடவையும் செய்தேன். பிறகுதான் ஏற்றினேன். முதல் வண்டிக்கு பாஸ் வந்தது... “காரைக்கால், புதுச்சேரி” என்று சரியாக.

அதற்கப்புறம்தான் உறைத்தது. ஏறி முடிந்ததும் முதல் வரியில் இருக்கும் நம்பருக்கு ஒரு மெசேஜ் போகும். சாவு வீட்டில் அவள் போன் அடித்திருக்கும்! ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டேன்...

பூவத்துக்கு பஸ் ஏறி உட்கார்ந்ததும் அவள் நம்பரிலிருந்தே போன். எடுக்கவே பயந்தேன். அவள் வீட்டுக்காரர்.

“ஆபீஸ் மெசேஜ் ஒண்ணு வந்துச்சுங்க. எல்லாம் சரியா ஏறிடுச்சுன்னு போட்ருக்கு. ரெண்டு நாளா காய்ச்சல்லயும் இதையேதான் கேட்டுக்கிட்டு இருந்தா... அவ பக்கத்துல ஒக்காந்து படிச்சுக் காமிச்சுட்டேங்க.”

பஸ் கோட்டுச்சேரி தாண்டிவிட்டது.

எறக்கி வச்சுட்டுதான்டி ஏத்துனேன், மதி. ரெண்டு காப்பி. இதோ, வந்துக்கிட்டே இருக்கேன்.