ஒரே சுவர், இரண்டு சமையலறை

கல்யாணமாகி கணபதி என்கிற ஊருக்குக் குடிவந்த முதல் வருஷம், மார்கழி பிறக்கும் முன்பே எறும்புகளோடு எனக்குச் சண்டை தொடங்கியது. ஒரே காம்பவுண்டுக்குள் வரிசையாக ஓட்டு வீடுகள். கணவர் லேத் பட்டறைக்குக் காலையிலேயே போய்விடுவார். காரமடையில் அம்மா வீட்டில் எந்நேரமும் ஆள் பேச்சு கேட்டுக்கொண்டே இருக்கும். இங்கே நாளெல்லாம் நான் மட்டும்தான்.

அந்த வருஷக் குளிரில் தரையில் கால் வைக்க முடியவில்லை. எறும்புகளுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். அடுப்பின் சூட்டைத் தேடி, மேடைக்கு மேலிருந்த சுவர் விரிசல் வழியாகச் சாரை சாரையாக வந்தன. சர்க்கரை, நெய், ஆறவைத்த பால், எதையும் விடவில்லை. சர்க்கரை டப்பாவைத் தண்ணீர்த் தட்டின் நடுவில் வைத்தேன். அம்மாவுக்குப் போன் செய்தால், “மஞ்சத்தூளக் கொட்டி உடு கண்ணு, ஓடிப்போயிரும்” என்றாள். கொட்டினேன், ஓடிப்போயின. சில நாளில் திரும்பி வந்தன. கடையில் எறும்புப் பொடி வாங்கி விரிசலில் அடைத்தேன். அதன்பிறகு ஒன்றுகூட வரவில்லை. ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

கிறிஸ்துமஸ் நெருங்கிய ஒரு மதியம், பக்கத்து வீட்டு அக்கா வாசலில் வந்து நின்றார். வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுப்பவர். அதுவரை தண்ணீர்க் குழாயடியில் பார்த்துச் சிரித்ததோடு சரி.

“ஏனுங்க அம்மணி, உங்கூட்டுல எறும்புத் தொல்லை இருக்குதுங்களா?”

“இப்ப இல்லீங்க்கா. பொடி போட்டேன், எல்லாம் போயிருச்சுங்க” என்றேன் பெருமையாக.

“எங்க போச்சு? எங்கூட்டுக்குத்தானுங்க வந்திருக்குது. பண்டிகைக்குன்னு சுட்டு வெச்ச கலகலா டின்னு பூராவும் எறும்பு!”

எனக்கு முகம் செத்துப்போனது. என் அடுப்பு மேடையும் அவருடையதும் ஒரே சுவரின் இரண்டு பக்கம் என்பது அப்போதுதான் உறைத்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அக்காவே குரலைத் தாழ்த்தி, “போன வாரம் நாந்தான் மண்ணெண்ணெயத் தெளிச்சு உங்க பக்கம் முடுக்கி உட்டேன்” என்றார்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அக்காதான் முதலில் சிரித்தார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அந்த வீட்டுக்கு வந்தபின் நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டார் சர்ச்சில் பூசைக்குப் போய்த் திரும்பியதும் வேலை தொடங்கியது. இந்தப் பக்கம் என் கணவர், அந்தப் பக்கம் அக்காவின் கணவர், இருவர் கையிலும் சிமென்ட் கலவை. ஒருவர் கரண்டியால் தட்ட, மற்றவர் சத்தம் வந்த இடத்தில் விரிசலைத் தேடி அடைத்தார். “இன்னுங் கொஞ்சம் மேலைங்க!” “இங்கீங்களா?” என்று சுவரோடு பேச்சு. நாங்கள் இருவரும் எங்கள் வீட்டு நடுவறையில் உட்கார்ந்து மறுபடி கலகலாவுக்கு மாவு பிசைந்து, தேய்த்து, வெட்டினோம். அங்கேயே ஸ்டவ்வை வைத்து அக்கா பொரித்துப் பொரித்துப் போட, ஆறுவதற்குள் பாதியைத் தின்றுவிட்டோம்.

எறும்பு அடியோடு ஒழிந்துவிடவில்லை. ஜன்னல் வழியாக ஒன்றிரண்டு வரத்தான் செய்தன. ஆனால் அதன்பிறகு தையல் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து அக்காவுக்குக் கொக்கி தைத்துக் கொடுப்பதிலேயே என் மதியங்கள் போயின. என் வளைகாப்புக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்தவரும் அவர்தான்.

பிறகு அக்காவும் அவர் கணவரும் மகளோடு இருக்க வால்பாறைக்குப் போனார்கள். நாங்களும் அடுக்குமாடிக்கு மாறினோம். இங்கே மருந்தடிக்க மாதாமாதம் ஆள் வருகிறார். சர்க்கரை டப்பாவை மூட மறந்தாலும் ஒன்றும் ஆவதில்லை. எதிர் வீட்டில் இருப்பவர்கள் யாரென்று எனக்கு இன்னும் தெரியாது. இந்த மார்கழியில் நானாகவே போய் அவர்கள் கதவைத் தட்டலாம் என்றிருக்கிறேன்.