செருமினால் அடுத்த பாட்டு

பங்குக் கோயிலில் ஆர்கன் வாசிப்பவருக்கு 'அஞ்சு கட்டை' என்று பட்டப்பெயர். எந்தப் பாட்டானாலும் அந்தச் சுருதியில்தான் வாசிப்பார். பாடுகிறவர் தொண்டை கிழிந்தால் அவருக்கென்ன! பீடத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பதால் சாமியாரோடு ஓர் ஏற்பாடு: சாமியார் மைக்கில் செருமினால் அடுத்த பாட்டு.

அந்த ஞாயிறு சாமியாருக்குச் சளி. பொறுமையைப் பற்றிப் பிரசங்கத்தை ஆரம்பித்ததும் இருமினார். செருமலோ இருமலோ, அஞ்சு கட்டைக்கு எல்லாம் ஒன்றுதான். காணிக்கைப் பாட்டு கிளம்பிவிட்டது.

"ஐயா, நிறுத்துங்க..." என்று வாயெடுத்த சாமியாருக்கு மறுபடி இருமல். உடனே நற்கருணைப் பாட்டு! சனம் எழுந்து வரிசையில் நின்றது. ஆத்திரத்தில் சாமியாருக்கு இருமல் பொத்துக்கொண்டு வந்தது. முடிவுப் பாட்டு முழங்க, வெளியே சைக்கிள் ஸ்டாண்டுகள் தட்டும் சத்தம் கேட்டது.

கடைசிக் கட்டையை அழுத்தி முடித்து அஞ்சு கட்டை பூரிப்போடு திரும்பினார். கோயிலே காலி. முகம் சிவந்து நின்ற சாமியாரிடம் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சும்மா சொல்லக் கூடாது சாமி. இன்னைக்குத்தான் உங்க பிரசங்கம் நெஞ்சுலேருந்து வந்துச்சு!"