அந்தோனி வீட்டுக் கிணறு

தீவில் அப்போதிக்கரி உத்தியோகம் பார்ப்பவன் நோயாளியைப் பார்க்க முன்னம் கடலைப் பார்க்க வேண்டும். நெடுந்தீவு மருந்தகத்தில் தனி ஆளாக நின்று அல்லற்பட்டவன் நான். என்னைப் போல டொக்டரில்லாத ஊர்களில் ஊசியும் கையுமாக நின்றவர்களே, இது உங்களுக்கும் விளங்கும்.

கழுத்து

சோளகக் காற்றுக் காலம். கடற்றொழில் செய்யும் அந்தோனி, ஏழு வயது மகன் யேசுதாசனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். காய்ச்சல், தலையிடி, குடித்த தண்ணீரும் வெளியே வரும் சத்தி. பிள்ளையின் தலையைத் தூக்கி நாடியை, அதாவது மோவாயை, நெஞ்சோடு சேர்க்கப் பார்த்தேன். கழுத்து வளையவில்லை. மூளைக்காய்ச்சல். பென்சிலின் போட்டு, யாழ்ப்பாணத்துக்குக் கடிதமும் எழுதினேன். கடல் வள்ளத்தை விடவில்லை.

மறுநாள் பின்னேரம் பிள்ளை போய்விட்டது. அழுது முடித்த அந்தோனி, வீட்டில் இருக்கும் மற்ற இரண்டையும் நினைத்தோ என்னவோ கேட்டான்: "நாடி நெஞ்சில முட்டினாப் பயமில்லை, என்னய்யா?"

மூடச் சொன்னது

இரண்டு வருஷத்தில் மகள் றெஜினா. அதே காய்ச்சல், அதே கழுத்து. மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது.

வீட்டு வளவில் ஏதோ குறை என்று சனம் கதைத்தது. படித்தவன் அல்லவா, நான் சிரித்தேன். வளவில் அல்ல, கிணற்றில்தான் பிழை என்று சொல்லி மண் போட்டு மூடுவித்தேன். நெடுந்தீவில் நல்ல தண்ணீர்க் கிணறு லேசில் கிடைக்காது. அன்று முதல் தாய் றீற்றா வெயிலில் அரை மைல் நடந்து தண்ணீர் அள்ளினாள். ஒரு முறைகூட முகம் சுளிக்கவில்லை. "ஐயா சொன்னாச் சரி. மிஞ்சின ஒண்டெண்டாலும் மிஞ்சட்டும்."

மூன்று புத்தகம்

மிஞ்சியவள் அமலி. அவளுக்கு ஐந்து வயதில் காய்ச்சல் கண்டது. அந்தோனி தானே நாடியை நெஞ்சில் முட்ட வைக்கப் பார்த்து, முட்டாமல் போகவே வள்ளத்தை ஆயத்தம் பண்ணிவிட்டுத்தான் ஊசிக்கு வந்தான். யாழ்ப்பாணத்துக்கு நானும் கூடப் போனேன். பிள்ளை தப்பியது. காது இரண்டும் போய்விட்டது.

பெரியாஸ்பத்திரி டொக்டர் குடும்பத்தைப் பற்றி விசாரித்தார். மற்ற இருவரையும் பற்றி நான் அப்போதுதான் சொன்னேன். எங்கள் பதிவு திகதிப்படி எழுதுவது; யேசுதாசன் ஒரு புத்தகத்தில், றெஜினா இன்னொன்றில், அமலி மூன்றாவதில். முதல் இரண்டையும் சேர்த்துப் பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. அந்தக் கிருமியை எதிர்க்கும் சக்தி சில குடும்பங்களில் பிறப்பிலேயே குறைவாக இருக்கலாம் என்றார் டொக்டர். பிறகு மெல்லச் சொன்னார்: "ரெண்டாவது பிள்ளையோடயே ஒரு வரி எழுதியிருந்தீரெண்டா, இவளை நாங்கள் முந்தியே கவனிச்சிருப்பமே."

றீற்றாவின் கேள்வி

றீற்றா அந்தோனியின் மாமன் மகள். இரண்டு பேரிடமும் மறைந்து கிடந்த ஒரே குறை பிள்ளைகளில் வந்து சேர்ந்திருக்கலாம், அது ஒருவரின் குற்றமும் இல்லை என்று அவர்கள் வீட்டு முற்றத்தில் இருந்து விளங்கப்படுத்தினேன். இனி அமலிக்குக் காய்ச்சல் என்றால் ஒரு மணித்தியாலமும் சுணங்கக் கூடாது என்றேன். அந்தோனி தலையாட்டினான். அமலி எங்கள் வாய்களையே மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

றீற்றா குடத்தை இறக்கி வைத்தாள். கோபமே இல்லாத குரலில் கேட்டாள்: "அப்ப கிணத்தை ஏன் ஐயா மூடுவிச்சனீங்கள்?"

அடுத்த கிழமையே ஆள் பிடித்துத் தோண்டுவித்தேன், பழையபடி நல்ல தண்ணீர் ஊறியது. அந்த வீட்டில் என் கையால் திரும்ப எழுப்ப முடிந்தது அது ஒன்றைத்தான்.