ரிசர்வ்காரனுக்கு லீவு கிடையாது

எண்பதுகளில் நான் மலேசியாவின் பட்டர்வொர்த் விமானப்படைத் தளத்தில் மெக்கானிக். முழுநேரக்காரன், ரெகுலர். அதில் எனக்கிருந்த தலைக்கனத்தை ஒரு லோரியில் ஏற்றினாலும் மிச்சம் இருக்கும். வருஷத்துக்கு இரண்டு வாரம் பயிற்சிக்கு வரும் ரிசர்வ்காரர்களை நாங்கள் மதித்ததே இல்லை. மழைக்கு ஹேங்கரில் ஒதுங்கியவர்கள் என்போம். அவர்கள் மட்டும் சும்மா விடுவார்களா? அரசாங்கச் சோற்றில் தொந்தி வளர்த்தவர்கள் என்பார்கள் எங்களை.

ஒரு வருஷம், பக்கத்து ஊரான மாக் மண்டினில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டும் தமிழர் ஒருவர் ரிசர்வில் வந்தார். என்னைவிட நாலைந்து வயது இளையவர். எங்கள் பிரிவில் தமிழர்கள் நாங்கள் இரண்டே பேர். வந்த இரண்டாம் நாள், ஜெட் விமானத்துக்கு மின்சாரம் கொடுக்கும் ஜெனரேட்டர் வண்டியருகே நின்று காது கொடுத்துக் கேட்டவர், "பேரிங் போகப் போவுது அண்ணே, மாத்திடலாம்" என்றார்.

"இது உன் பட்டறை இல்ல தம்பி. வேலையப் பாரு."

மறுநாள் காலை, பைலட் விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகு ஜெனரேட்டர் வண்டி கிறீச்சிட்டு நின்றது. சார்ஜன்ட் எல்லார் முன்னாலும் என்னைத் திட்டினார். மூக்குடைந்து போனேன்.

அன்று மாலை அந்த ரிசர்வ்காரர் என்னிடம் வந்தார். "அண்ணே, தைப்பூசத்துக்கு ஒரு நாள் லீவு வேணும். யார்கிட்ட கேக்கணும்?"

"ரிசர்வுக்கு லீவு கிடையாது லா. வர்றதே ரெண்டு வாரம்!"

பச்சைப் பொய். யார் வேண்டுமானாலும் கேட்கலாம். ஆனால் ஒருவரைத்தான் விடுவார்கள், அந்த லீவை நான் வாங்கி வைத்திருந்தேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

அதன்பிறகு அவரைக் கேலி செய்வதே எங்களுக்குப் பொழுதுபோக்கு. மெஸ்ஸில் கோழியைத் தொடமாட்டார், வெறும் சோறும் கீரையும்தான். மெத்தையைச் சுருட்டி வைத்துவிட்டுச் சிமெண்டுத் தரையில் படுப்பார். துரைக்கு நம் மெத்தை ஒத்துக்கொள்ளவில்லை என்று மலாய்க்காரர்களும் சீனர்களும் சிரித்தார்கள். அவர்களுக்கு விரதம் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? நான்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன்.

பூசத்துக்கு முந்தின நாள் மத்தியானம், குழாயடியில் ஒரு பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்டேன்.

"பால்குடத்துக்கு அண்ணே. பிள்ளை எட்டாம் மாசமே பொறந்துட்டான், கண்ணாடிப் பெட்டியில கிடந்தான். பிழைச்சா தண்ணிமலை முருகனுக்குப் பால்குடம் எடுத்து மொட்டை போடுறேன்னு வேண்டிக்கிட்டேன். இப்ப ஓடியாடுறான். இங்கருந்தே போயிடலாம்னு குடத்தோட வந்தேன். லீவுதான் இல்லையே. வீட்டுக்காரி கேம்ப் கேட்டுக்கு வந்து குடத்தை வாங்கிக்கிட்டுப் போவா. நான் அடுத்த வருஷம் எடுத்துக்கிறேன். முருகன் கோவிச்சுக்க மாட்டாரு."

நான் லீவு வாங்கியது வேண்டுதலுக்கு இல்லை. மச்சானோடு தண்ணீர்ப் பந்தல் பந்தலாக மோர் குடித்து வேடிக்கை பார்க்க. அவ்வளவு வெட்கம் அதற்கு முன் நான் பட்டதில்லை. நேரே சார்ஜன்டிடம் போய் என் லீவை அவருக்கு மாற்றித் தரச் சொன்னேன். சார்ஜன்ட் அவரைத் தனியாக உள்ளே கூப்பிட்டார். பத்து நிமிஷம் கழித்து வெளியே வந்தவர், "போய்ட்டு வரேன் அண்ணே" என்றார்.

பூசத்தன்று ஓடுபாதை ஓரம் நின்று விமானங்களை அனுப்பினேன். கடலுக்கு அந்தப் பக்கம், தண்ணிமலைக் கோயில் இருக்கும் பினாங்குத் தீவின் மலை தெளிவாகத் தெரிந்தது. இந்நேரம் படி ஏறியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் பினாங்கிலிருந்து முதல் பெர்ரிப் படகில் வந்துவிட்டார். மொட்டைத் தலையில் சந்தனம். எங்கள் ஆட்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். நான் போட்ட சத்தத்தில் அடங்கினார்கள். அவர் விபூதிப் பொட்டலத்தை என்னிடம் நீட்டினார்.

"சார்ஜன்ட் கேட்டாரு அண்ணே. ரிசர்வும் லீவு கேக்கலாமே, நீ ஏன் கேக்கலன்னு."

"என்ன சொன்ன?"

"ரூல்ஸ் தெரியாதுன்னு சொல்லிட்டேன்."

"திட்டினாரா?"

"நல்லா. ஒண்ணும் தெரியாத ரிசர்வ்காரன்னு."

பூசிக்கொள்ள எனக்குக் கை எழவில்லை. கடைசியில் அவரே விரலில் எடுத்து என் நெற்றியில் பூசிவிட்டார்.