செத்தவீட்டுப் பாட்டில் என் படம்

மாரி மழை தொடங்குவதற்கு முன் ஒரு சனிக்கிழமை காலை, நாலு வீடு தள்ளி இருக்கிற பெட்டை என் படலையைத் திறந்துகொண்டு வந்தாள். பதினாறு வயது. நல்ல குரல். கோயிலில் அவள் தேவாரம் பாடும்போது நானே இரண்டொரு தரம் திரும்பிப் பார்த்திருக்கிறேன். அவளுக்குப் பின்னால் மூன்று பெடியன்கள். திருநெல்வேலியில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கிறவர்கள். ஒருவன் கழுத்தில் கமரா தொங்கியது. நான் முற்றத்தில் இருந்து வெங்காயத்தில் பழுதைப் பிரித்துக்கொண்டிருந்தேன். எழும்பவில்லை. வந்தவர்கள்தான் என் முன்னால் குந்தினார்கள்.

"ஆச்சி, நாங்கள் ஒரு பாட்டு வீடியோ எடுக்கிறம். அதுக்கு ஒரு செத்த ஆள் வேணும்" என்றாள் பெட்டை.

"அப்ப இன்னும் ரெண்டு மூண்டு வருசம் பொறுத்து வாவன்" என்றேன்.

பெடியன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு அவள் பாட்டைப் பாடிக் காட்டினாள். ஒரு பெட்டைக்கும் பெடியனுக்கும் ஒருவரில் ஒருவருக்கு விருப்பம். ரோட்டில் கதைத்தால் ஊர் பார்க்கும். ரியூசனில் கதைத்தால் வாத்தியார் பார்ப்பார். ஒருவரும் ஒன்றும் கேட்காத இடம் செத்தவீடு ஒன்றுதான். அங்கே எல்லாரும் வரலாம், எல்லாரும் நிற்கலாம். அதனால் ஊரில் ஒரு கிழவி செத்ததும் இவர்களுக்கு நல்ல காலம் பிறக்கிறது.

"செத்தவீட்டிலை கண்டன், எட்டிலை கதைச்சன், முப்பத்தொண்டிலை சிரிச்சன், ஆட்டையிலை கேட்டன்." இதுதான் திரும்பத் திரும்ப வரும் அடி. எட்டு என்றால் எட்டாம் நாள் படைக்கிற செலவு. முப்பத்தொன்று என்றால் அந்தியேட்டிக் கிரியை. ஆட்டை என்றால் வருசத் திவசம். ஒரு சாவுக்கு நாலு சந்திப்பு. கணக்கு எனக்குச் சரியாகத்தான் பட்டது. என் காலத்திலும் அப்படி நடந்ததுதான். பாட்டாக ஒருவரும் கட்டவில்லை, அவ்வளவுதான்.

"ஊரிலை எத்தினை கிழவியள் இருக்க என்னட்டை ஏன் வந்தனீங்கள்?"

"உங்கடை முகவெட்டு ஆருக்கு ஆச்சி இருக்கு?" என்றான் கமராக்காரன். முகத்துதி என்று தெரியும். ஆனால் பொய் இல்லை. இந்த வயதிலும் என் மூக்கும் நெற்றியும் அப்படியே இருக்கின்றன.

அதற்காக நான் ஓம் என்று சொல்லவில்லை. அவள் அடுத்துச் சொன்ன ஒரு சொல்லுக்காகச் சொன்னேன். "கனடாவிலை இருக்கிற எங்கடை ஆக்கள் முழுப்பேரும் பாப்பினம் ஆச்சி."

கனடாவில் என் தங்கச்சி இருக்கிறாள். உடன்பிறப்பு என்று எனக்கு அவள் ஒருத்தி. எனக்குப் பிள்ளை இல்லை, மனுசனும் போய்விட்டார். அவளும் நானும் கதைத்துப் பதினொரு வருசம்.

எங்கள் அம்மா செத்தபோது தங்கச்சி போனில் அழுதுகொண்டு, ரிக்கெற் எடுத்துவிட்டேன், வாறன், பொறுங்கோ என்றாள். அதற்கு முன்னம் அப்பா செத்தபோதும் வாறன் என்றவள். என் மனுசன் செத்தபோதும் வாறன் என்றவள். இரண்டுக்கும் வரவில்லை. அம்மாவை வைத்திருக்க மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. பந்தலுக்குள் வெள்ளம். மூன்றாம் நாள் காலை, ஊர்ப் பெரியவர்கள் என்னைப் பார்த்தார்கள். "என்ன பிள்ளை, பொறுப்பமோ?" என்று கேட்டார்கள். "எடுங்கோ" என்றேன். சுடலைக்குக் கொண்டு போனார்கள். அடுத்த நாள் மத்தியானம் அவள் வந்து இறங்கினாள். வான் கதவைப் பிடித்தபடி, வெறும் பந்தலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு நாள் அக்கா. ஒரே ஒரு நாள் பொறுத்திருக்கலாம்."

"நீ வருவாய் எண்டு ஆர் கண்டது?" என்றேன் நான். சனம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் என் வீட்டுத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மாமா வீட்டில் நின்று எட்டு முடிய ஏறிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு நான் போன் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. மூத்தவள் நான் ஏன் முதலில் எடுக்க வேண்டும் என்று இருந்தேன். ஆனால் தற்செயலாக அவள் என் முகத்தைக் கண்டால், கண்டு மனம் இளகி எடுத்தால், அது வேறு கதை. உள்ளதைச் சொன்னால், அந்த நினைப்பில்தான் செத்த கிழவியாக நான் சம்மதித்தேன்.

நல்ல சீலை உடுத்து, பொட்டில்லாமல், நிமிர்ந்து இருந்தேன். "ஆச்சி, சிரியாதேங்கோ, செத்த ஆள்" என்றான் கமராக்காரன். "செத்தவள் ஏனடா அழவேணும், இருக்கிறவை அழட்டும்" என்றேன். படத்தைப் பெரிதாக அடித்து, சட்டம் போட்டு, மாலை போட்டு, சிவப்பு மின்குமிழும் கொளுவினார்கள். "கண்ணீர் அஞ்சலி" என்று பெரிய எழுத்தில் ஒரு பதாகையும் அடித்து மதிலில் கட்டினார்கள். அதிலும் என் முகம். கீழே ஏதும் ஒரு கற்பனைப் பேரைப் போடுவோம் என்றார்கள். அதற்கு மட்டும் நான் விடவில்லை. என் முகத்துக்குக் கீழே வேறொருத்தியின் பேர் வருவதோ? என் பேரும் வேண்டாம், எவளின் பேரும் வேண்டாம் என்றேன். இடத்தை வெறுமையாக விட்டார்கள்.

பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, உயிரோடை இருக்கிற ஆளின்ரை படத்துக்கு மாலை போடுறதோ? உது கூடாது."

"உன்னைக் கேக்கேல்லை எண்டு உனக்கு எரிச்சல்" என்றேன்.

பாட்டின் கடைசியில் ஒரு பகிடி வைத்திருந்தார்கள். ஆட்டைத் திவசத்தில் பெட்டையும் பெடியனும் ஒரு மூலையில் நிற்க, செத்த கிழவியே தட்டத்தில் வடையும் தேத்தண்ணியும் கொண்டு வந்து நீட்டுவாள். அதையும் நான்தான் செய்தேன். ஒரே தரத்தில் சரியாக வந்தது. எல்லாரும் கைதட்டினார்கள்.

பாட்டு போனில் ஏறி ஒரு கிழமை ஆகவில்லை, ஊர் முழுக்க அதுதான். ஓட்டோவில் அது. பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் அது. கலியாண வீட்டில்கூடப் போட்டார்கள், ஒரு கிழவர் எழும்பிப் போய் நிற்பாட்டினாராம். மருதனார்மடம் சந்தியில் நான் பஸ் ஏறப்போக, கொண்டக்டர் என்னைக் கண்டுவிட்டு, "ஆச்சி செத்திட்டியள் எல்லோ, உங்களுக்கு ரிக்கெற் இல்லை, ஏறுங்கோ" என்றான். பஸ் முழுக்கச் சிரிப்பு. நான் நிமிர்ந்து இருந்து, ரிக்கெற்றை வாங்கிக்கொண்டுதான் வந்தேன். வீடியோவுக்குக் கீழே சனம் எழுதுவதையெல்லாம் பெட்டை பின்னேரங்களில் வந்து எனக்கு வாசித்துக் காட்டுவாள். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும், போனில் எழுத்து ஓடிவிடும். ஜெர்மனியிலிருந்து எழுதுவார்கள். லண்டனிலிருந்து எழுதுவார்கள். "கனடாவிலை இருந்து ஆரும்?" என்று கேட்பேன். "கன பேர் ஆச்சி" என்பாள். என்ன எழுதியிருக்கிறார்கள் என்று எல்லாவற்றையும் வாசிக்கச் சொல்வேன். எல்லாம் சிரிப்பும் பகிடியும்தான்.

ஒரு மாதம் போயிற்று. கூடுதலாகச் சில நாட்களும் போயின. ஒரு பின்னேரம் பெட்டை ஓடி வந்தாள். வீடியோவுக்குக் கீழே யாரோ எழுதியிருந்ததை வாசித்தாள். "இதில் வருபவர் என் பெரியம்மா. இவர் உயிரோடு இருக்கிறாரா? தயவுசெய்து பதில் போடவும்."

எழுதியவள் என் தங்கச்சியின் மகள். பெட்டை அவளுக்குத் தன் நம்பரைக் கொடுத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது.

"பெரியம்மா? நீங்கள்தானோ?"

"நான்தான். வேறை ஆர்?"

அவள் அழுதாள். பிறகு சொன்னாள், துண்டு துண்டாக. ஒருவர் எங்கள் ஊர்க்காரரின் போன் குறூப்பில் அந்தப் பதாகையை மட்டும் படமாகப் போட்டிருக்கிறார். பாட்டு இல்லை, வடை இல்லை, பேர் இல்லை. என் முகமும் கண்ணீர் அஞ்சலியும் மட்டும். கீழே ஒருவர் ஓம் சாந்தி என்று போட, மற்றவர்களும் போட்டிருக்கிறார்கள். தங்கச்சி அதைப் பார்த்திருக்கிறாள்.

"ஒருத்தரிட்டையும் கேக்கேல்லையோ பிள்ளை? ஒரு போன் எடுத்திருக்கலாமே."

"நான் சொன்னனான் பெரியம்மா. அம்மா விடேல்லை. அம்மம்மாவை எனக்குப் பொறுக்காமல் எடுத்தவை, இதை எனக்குச் சொல்லாமலே எடுத்திட்டினம், இனி ஆரைக் கேட்டு என்ன எண்டிட்டா."

போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டு மிச்சத்தையும் கேட்டேன்.

அவர்கள் எனக்காகத் துடக்கு, செத்தவீட்டுத் தீட்டு, காத்திருக்கிறார்கள். மீன், மச்சம் இல்லை, கோயில் இல்லை. எட்டுக்குப் படைத்திருக்கிறாள். எனக்கு விருப்பம் என்று முருங்கையிலை வறையும் பயற்றங்காய்க் குழம்பும் வைத்தாளாம். முப்பத்தோராம் நாள் ஐயரைக் கூப்பிட்டு, தன் மகனைக் கொண்டு எனக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்பித்திருக்கிறாள். எனக்குக் கடைசியில் அதைச் செய்வதற்கு யார் இருக்கிறார்கள் என்று நான் எத்தனை நாள் யோசித்திருப்பேன். செய்தாகிவிட்டது. நான் இங்கே வெங்காயம் பிரித்துக்கொண்டு இருக்க, அங்கே செய்தாகிவிட்டது.

அதற்குப் பிறகு யாரோ வீட்டுப் பிறந்தநாளில் இளசுகள் அந்தப் பாட்டைப் போட்டிருக்கிறார்கள். நான் வடைத் தட்டத்தோடு வந்ததை மகள் கண்டு, கொண்டுபோய்த் தாய்க்குக் காட்டியிருக்கிறாள்.

"பாத்திட்டு என்ன சொன்னவள்?"

"முழுக்கப் பாத்தவா. பிறகு போய் முழுகிப்போட்டு வந்து சமைச்சவா."

"அழுதவளோ?"

"இதுக்கு இல்லை பெரியம்மா. முதல் அழுதவா. மூண்டு நாள்."

பெட்டை பக்கத்தில் நின்று விம்மினாள். "ஆச்சி, வீடியோவை எடுத்துவிடுறன், சத்தியமாய்." "விடு பிள்ளை" என்றேன். "உன்னிலை என்ன பிழை? பேர் போட விடாதவள் நான்தானே." பிறகு போனில் சொன்னேன்: "கொம்மாவைக் குடு."

நான் கேட்டேன். பதினொரு வருசத்தில் முதலில் கேட்டது நான்.

அங்கே காலை நேரம். மகள் போனைக் கொண்டு நடக்கும் சத்தம் கேட்டது, ஏதோ கதைக்கும் சத்தம் கேட்டது. பெட்டை என்னைத் தனிய விட்டுப் படலையடிக்குப் போனாள்.

"ம்" என்றாள் தங்கச்சி. குரல் மாறிவிட்டது. அம்மாவின் குரல் மாதிரி இருந்தது.

"நான்தான்."

"தெரியும்."

"இருக்கிறன் பார்" என்று சிரித்துப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. பிறகு, நான் ஒருவருக்கும் சொல்லாததைச் சொன்னேன். "அண்டைக்குப் பொறுத்திருக்கலாம்தான். ஒரு நாள்தானே. நான் பொறுத்திருக்க வேணும்."



"இப்ப கோவம் இல்லை அக்கா" என்றாள். "உங்களுக்கு எல்லாம் செய்து முடிச்சிட்டன். அதோடை எல்லாம் போட்டுது. இனி என்னத்தைக் கதைக்கிறது எண்டு எனக்குத் தெரியேல்லை."

கோவமாகச் சொல்லவில்லை. களைத்த ஆள் சொல்வது மாதிரிச் சொன்னாள். கோவித்திருந்தால் நானும் ஒன்று சொல்லியிருப்பேன், அவளும் ஒன்று சொல்லியிருப்பாள், அப்படியே கதை போயிருக்கும். கைவைக்க அதில் ஒரு இடமும் இல்லை.

"சாப்பிட்டியோ?" என்று கேட்டேன்.

போனை எங்கோ பலகையில் வைத்த சத்தம் கேட்டது. கட் பண்ணவில்லை. பைப்பைத் திறந்தாள். தண்ணீர் ஓடியது. கோப்பைகளை ஒவ்வொன்றாகக் கழுவிக் கவிழ்த்தாள். ஒரு கரண்டி விழுந்தது, எடுத்தாள். நான் கூப்பிடவில்லை. மூச்சையும் அடக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

பெட்டை படலையடியில் இருந்து எட்டிப் பார்த்தாள். "ஆச்சி, கதைக்கிறாவோ?"

போனைக் காதில் இருந்து எடுக்காமல், "ஓம், கதைக்கிறாள்" என்றேன்.