பின் சீட்டில் உட்கார்ந்தது

பேய்க் கதை என்றால் இருட்டு வேண்டும், நாய் ஊளையிட வேண்டும் என்று நினைப்பவர்கள் இதைப் படித்து ஏமாறலாம். எனக்கு நடந்ததெல்லாம் பட்டப்பகலில்தான். ஜன்னல்கள் திறந்து கிடக்கின்றன, பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடுகிறது, அந்த நேரத்தில்தான் அது என் இடுப்பைப் பிடித்தது. கற்பனை என்பவர்களோடு நான் சண்டைக்கு வரவில்லை. ஆனால் இதில் ஒரு வரிகூட நான் சேர்த்துச் சொன்னதில்லை.

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது என் வேலை. மயிரிழை தப்பினாலும் விடமாட்டேன். பைக்கில் ஏறினால் மட்டும் அந்த நிதானம் எங்கே போகுமோ தெரியாது. கடையில் என்னை 'ராக்கெட்' என்றுதான் கூப்பிடுவார்கள். அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. இரண்டு பஸ்களுக்கு நடுவே புகுந்து வருவதை ஏதோ பெரிய கலை என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஆளில்லாத பைபாஸ் ரோட்டில் நூறைத் தாண்டிப் போனேன். தூரத்தில் ஒரு லாரி ஓரமாக நின்றது. வேகத்தைக் குறைக்கலாம் என்று ஆக்சிலேட்டரைத் தளர்த்தினேன். அப்போது பின்னாலிருந்து இரண்டு கைகள் என் இடுப்பைச் சுற்றி இறுக்கின. மூச்சு நின்றது. நான் தனியாகத்தான் போயிருந்தேன். அதன் பிறகு லாரியின் பின்பக்கம் மட்டும்தான் ஞாபகம்.

வலது தொடை எலும்புக்குள் கம்பி வைத்தார்கள். டாக்டரிடம் அந்தக் கைகளைப் பற்றிச் சொன்னேன். "தலையில அடிபட்டா இப்படி என்னென்னமோ தோணும்" என்றார். நானும் நம்பினேன். நம்புவதுதான் வசதியாக இருந்தது.

வீட்டுக்கு வந்த புதிதில், என் மனைவி படுக்கைச் சட்டியை எடுத்துக் கழுவி வைத்துவிட்டு ஆபீசுக்கு ஓடுவாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதேன். வேகத்தை அன்றைக்கே கைகழுவினேன். பைக் ரிப்பேராகி வந்ததும் விற்றுவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

குறுக்கே வந்தவன் என் மைத்துனன். மனைவிக்கு ஒரே தம்பி. அவள் தூக்கி வளர்த்தவன். லைசென்ஸில் மை இன்னும் காயவில்லை.

"மாமா, வெளியாளுக்கு விக்கிறதுக்கு எனக்கே குடுங்களேன். உருட்டிக்கிட்டே போறேன்."

"உருட்டுறதுக்கு எதுக்குடா அந்த வண்டி? உங்க அக்காவுக்கு ஒரு ராக்கெட் போதும்."

சிரித்தான். ஆனால் ஆசையை விட்ட மாதிரி தெரியவில்லை. நான் அடிபட்டதை என் மனைவி தாங்கிக்கொண்டாள். அவனுக்கு ஏதாவது ஆனால் தாங்கமாட்டாள். அந்த வண்டி அவன் கைக்குப் போகக்கூடாது.

நடைப்பயிற்சி கொடுக்க ஒரு பிசியோ மேடம் மத்தியானத்தில் வருவார். எடை பார்க்கும் மெஷினைத் தரையில் வைப்பார். அடிபட்ட காலை அதன்மேல் ஊன்றி, முள் இருபது கிலோவைத் தாண்டாமல் அழுத்திப் பழக வேண்டும். அதற்குமேல் என் எலும்பு தாங்காது.

காலைச் சும்மா வைத்தேன். முள் ஐம்பதுக்குப் போனது.

"சார், மெதுவா."

"நான் அழுத்தவே இல்லைங்க மேடம்."

மறுநாள் வேறு மெஷின் கொண்டுவந்தார். அதிலும் ஐம்பது. அவரே ஏறி நின்று பார்த்தார். "எனக்குச் சரியாத்தான் காட்டுது..." என்றார். 

அடுத்த நாள் மத்தியானம் வீட்டில் நான் மட்டும். மணி மூன்று. வாக்கரை வைத்து ஹாலிலிருந்து சமையலறைக்கு மெதுவாக நடந்தேன். டொக்... டொக்... வாக்கரின் ரப்பர் தரையில் படும் சத்தம். அதோடு இன்னொரு சத்தம். யாரோ மூச்சு விடுகிறார்கள். என் பிடரியில் அது சூடாகப் பட்டது.

நின்றேன்.

இடுப்பைச் சுற்றி இரண்டு கைகள்.

குனிந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. ஆனால் என் சட்டை அமுங்கியிருந்தது. விரல் விரலாக...

கத்த வாயைத் திறந்தேன். காற்று வரவில்லை. பயத்தில் வாக்கரைத் தள்ளிக்கொண்டு வேகமாக நகர்ந்தேன். பிடி தளர்ந்தது.

நின்றேன். இறுகியது.

நகர்ந்தேன். தளர்ந்தது.

அதற்கு வேகம் வேண்டும்...

சோபாவில் போய் விழுந்த பிறகுதான் விட்டது. அதிலிருந்து வீட்டுக்குள் எனக்கு ஓட்டமும் நடையும்தான். "யாராவது துரத்துறாங்களா சார்?" என்று பிசியோ மேடம் கோபித்துக்கொண்டார். துரத்தவில்லை, கூடவே வருகிறது என்று எப்படிச் சொல்வது? மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன். என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை. மணி மூன்று இருபது. மெஷினில் காலை வைத்தேன். முள் ஐம்பதில் நின்று நடுங்கியது. திடீரென்று சரசரவென இறங்கிப் பதினெட்டில் நின்றது. இடுப்பு லேசானது. பிசியோ மேடம் கை தட்டினார். விட்டதடா சனி என்று நான் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

போன் அடித்தது. பைபாஸ் ஒர்க்‌ஷாப் மெக்கானிக்.

"அண்ணே, உங்க மச்சான் வந்து வண்டிய எடுத்துட்டாரு. நீங்க சொன்னதாச் சொன்னாரு. இப்பதான் ஸ்டார்ட் பண்ணிக் கிளம்பினாரு."

 மைத்துனனைக் கூப்பிட்டேன். ரிங் போனது... போனது... எப்போதும் காதில் மாட்டியிருக்கும் ப்ளூடூத்தில் எடுத்தான். காற்றின் இரைச்சல்.

"டேய், வண்டிய நிறுத்துடா!"

"மாமா... மூச்சு முட்டுது..."

"பின்னாடி யாரு?"

"யாருமில்ல... பிரேக் பிடிச்சா இறுக்குது... அக்காகிட்ட சொல்லாதீங்க மாமா..."

என்ஜின் சத்தம் ஏறியது.

"சாவியத் திருப்பு! பிரேக்க விடு, சாவிய ஆஃப் பண்ணு!"

"மாமா..."

"சாவிடா!"

ஒரு ஹாரன். நீளமாக...

அப்புறம் சத்தமே இல்லை.

பிழைத்தான். சாவியைத் திருப்பியிருந்தான். என்ஜின் அடங்கி, வண்டி ரோட்டோர மணல் குவியலில் போய்ச் சாய்ந்தது. தோள்பட்டை எலும்பு முறிந்ததோடு தலை தப்பியது. ஆஸ்பத்திரியில் என் மனைவி எங்கள் இரண்டு பேரையும் ஒரே மூச்சில் திட்டித் தீர்த்தாள். அவ்வளவு நாளும் சேர்த்து வைத்திருந்த திட்டு. அதைக் கேட்க எனக்கு நிம்மதியாக இருந்தது. வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டோம்.

கொஞ்ச நாள் கழித்து, அவனைத் தூக்கிவிட்ட பஞ்சர் கடைக்காரருக்கு நன்றி சொல்ல மனைவியோடு காரில் போனேன். மணல் குவியலுக்கு நேரெதிரே அவர் கடை. டியூபைத் தண்ணீரில் அமுக்கியபடியே பேசினார்.

"தம்பி எப்படி இருக்காரு சார்?"

"தேறிட்டான்."

"பின்னாடி உக்காந்து வந்த ஆளுக்கு ஒரு கீறல்கூட இல்ல பார்த்தீங்களா?"

என் மனைவி என் கையைப் பிடித்தாள்.

"எந்த ஆளு?" என்றேன்.

"என்ன சார் இப்படிக் கேக்குறீங்க? விழுந்ததும் எந்திரிச்சு மண்ணத் தட்டிக்கிட்டு நின்னாரே. தம்பியத் திரும்பிக்கூடப் பார்க்கல. அந்த வழியாப் பைக்ல போன ஒருத்தர், பாவம், நிறுத்தி தம்பிக்குத் தண்ணி குடுத்தாரு. அவரு கிளம்பும்போது அந்த ஆளும் பின்னாடி ஏறி, இடுப்பக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாரு."

"அவர் ஒண்ணும் சொல்லலையா?"

"கவனிச்ச மாதிரியே தெரியல." அவர் தண்ணீரிலிருந்து கையை எடுத்து ரோட்டைக் காட்டினார். "மெதுவாத்தான் சார் கிளம்பினாரு. அப்புறம் என்ன அவசரமோ... அந்த வளைவுலகூட வேகத்தைக் குறைக்கல."